லோகனேர்: ஸ்காட்லாந்துத் தீவுகளின் விமான நிறுவனம்

லோகனேர், ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் சிதறிக் கிடக்கும் ஆர்க்னி, ஷெட்லாந்து, ஹெப்ரிடீஸ் தீவுகளை நிலப்பகுதியோடு இணைக்கும் வட்டார விமான நிறுவனம். 1962 பிப்ரவரி 1 அன்று எடின்பரோவில் ஒரே ஒரு சிறு விமானத்துடன் தொடங்கியது. இப்போது கிளாஸ்கோ விமான நிலையத்தில் இருந்து இயங்குகிறது. அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு தனியார் நிறுவனத்தின் விடாமுயற்சிக் கதையாகவே சொல்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் வரிசையாகச் சாய்ந்தபோது இந்தச் சிறு நிறுவனம் மட்டும் நின்றது என்பது உண்மைதான். ஆனால் அது நின்றதற்குக் காரணம் சந்தையை வென்றது அல்ல. தீவுகளுக்குக் கட்டாயம் தேவைப்பட்ட ஒரு சேவைக்கு ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் பணம் கொடுத்தார். அந்தச் சேவைக்கு ஏற்ற அளவுள்ள விமானத்தை லோகனேர் கைவிடாமல் வைத்திருந்தது. இந்த இரண்டும் சேர்ந்திருந்த காலமெல்லாம் நிறுவனம் பிழைத்தது. இரண்டில் ஒன்று விலகியபோது வழித்தடத்தை இழந்தது, அல்லது தன் உருவத்தையே இழக்கும் நிலைக்குப் போனது.

இந்தத் தேவை லோகனேருக்கு முன்பே இருந்தது. 1933 மே மாதம் கேப்டன் எட்மண்ட் ஃப்ரெசன் என்ற விமானி ஹைலேண்ட் ஏர்வேஸ் என்ற பெயரில் இன்வெர்னெஸ், விக், கிர்க்வால் ஊர்களுக்கிடையே விமானம் விட்டார். அதே மாதம் 14ஆம் தேதி, ஜான் ஸ்வார்டின் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ஏர் ஃபெரீஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று ஐலா தீவிலிருந்து ஒரு மீனவரை கிளாஸ்கோ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தின் முதல் ஆம்புலன்ஸ் விமானப் பயணமாக அதையே குறிப்பிடுகிறார்கள். 1934 மே 29 முதல் ஃப்ரெசனின் விமானங்கள் கூடுதல் தபால்தலைக் கட்டணம் இல்லாமல் சாதாரணக் கடிதங்களை இன்வெர்னெசிலிருந்து கிர்க்வாலுக்குச் சுமந்தன. பயணி, நோயாளி, தபால் என்ற மூன்று சுமைகளும் தீவு விமானத்தில் ஏறிவிட்டது ஏறத்தாழ இந்த ஓராண்டுக்குள்தான். பின்னால் லோகனேர் செய்ததெல்லாம் இந்த மூன்றையும் வேறு வேறு விகிதத்தில் கலந்ததே. பண்ணை நிலங்களில் இறங்கி ஏறிய ஃப்ரெசனின் ஆர்க்னித் தீவுகளுக்கிடையிலான சேவை உலகப் போரோடு முறிந்தது. 1946இல் உருவான அரசு நிறுவனமான பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ் மறு ஆண்டு தனியார் சேவைகளைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. 1948இல் ஃப்ரெசனை வேலையிலிருந்தே நீக்கியது. நிலப்பகுதியிலிருந்து கிர்க்வால் வரை அரசு விமானம் வந்தது. கிர்க்வாலுக்கு அப்பால் உள்ள சிறு தீவுகளுக்கு வரவில்லை. பெரிய விமானங்களை வைத்திருந்த அமைப்புக்கு அறுபது பேர், நூறு பேர் வாழும் தீவு கணக்கிலேயே வராது.

அந்த இடைவெளியை நிரப்பும் எண்ணத்தோடு லோகனேர் தொடங்கப்படவில்லை. வில்லி லோகன் சாலையும் பாலமும் கட்டும் ஒப்பந்தக்காரர்; அவருடைய குடும்ப நிறுவனம் வடக்கு ஸ்காட்லாந்தின் பல மூலைகளில் வேலை எடுத்தது. ஒரு வேலைத்தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போனால் நாள் முழுவதும் போய்விடும் என்பதால் விமானத்தைப் பயன்படுத்தினார். பைப்பர் ஆஸ்டெக் வகை விமானம் ஒன்றைக் கொண்டு ஏர் டாக்சியாகத் தொடங்கியதுதான் லோகனேர். டே ஆற்றின் மீது டண்டீ நகரையும் ஃபைஃபையும் இணைக்கும் சாலைப் பாலம் லோகனின் நிறுவனத்துக்குக் கிடைத்ததும், எடின்பரோவுக்கும் டண்டீக்கும் இடையே ஒழுங்கான சேவை தொடங்கியது. அதாவது முதல் வழித்தடத்துக்கான செலவு ஒரு பாலம் கட்டும் வேலையோடு ஒட்டியிருந்தது. பாலம் 1966 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க லோகன் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில் இன்வெர்னெசை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வாடகை விமானம் மலைச்சரிவில் மோதியதில் அவர் இறந்தார். அது லோகனேரின் விமானம் அல்ல. நிறுவனர் போன ஈராண்டுக்குள் நிறுவனம் ஒரு வங்கியின் கைக்குப் போய், வங்கிகளின் இணைப்பால் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் சொத்தாயிற்று. தொடங்கியவரின் கனவைச் சுமந்து வளர்ந்த நிறுவனம் என்ற படிமம் இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. நான்கு ஆண்டில் கனவு கண்டவர் மறைந்தார். லோகனேருக்கு இன்றுள்ள முகம் அவருக்குப் பிறகுதான் வந்தது.

அந்த முகத்தைக் கொடுத்தது ஒரு விமானம். வைட் தீவில் ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்ற இரு பொறியாளர்கள் வடிவமைத்த ஐலேண்டர் 1965 ஜூனில் முதன்முறை பறந்தது. இரண்டு எஞ்சின், ஒரு விமானி, ஒன்பது பயணிகள் வரை. மடக்காத சக்கரம், உயரத்தில் அமைந்த இறக்கை. நீளம் குறைந்த புல்தரையிலும் இறங்கும், ஏறும். அழகில்லாத, மெதுவான, சத்தமான விமானம். ஆனால் பழுது பார்க்க எளிது. ஒருநாளில் இருபது முறை இறங்கி ஏறினாலும் தாங்கும். 1967இல் ஐலேண்டரைப் பெற்ற முதல் நிறுவனங்களில் லோகனேரும் ஒன்று. அந்த இலையுதிர்காலத்தில் கிர்க்வாலிலிருந்து ஆர்க்னியின் வடக்குத் தீவுகளுக்குச் சேவை தொடங்கியது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே, ஸ்டிரோன்சே, சாண்டே, ஈடே, நார்த் ரொனால்ட்சே என்று அந்தப் பெயர்கள் இன்றும் கால அட்டவணையில் இருக்கின்றன. தீவுகளின் ஓடுதளங்களில் தீயணைப்புக் குழுவாக நிற்பவர்கள் தீவுக்காரர்களே. விமானம் வரும் நேரத்துக்குத் தங்கள் வேலையை விட்டு வந்து நிற்பார்கள். இந்த அட்டவணையில்தான் உலகின் மிகக் குறுகிய ஒழுங்கு விமானப் பயணம் இருக்கிறது: வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே சுமார் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 நொடியில் முடிந்தது சாதனை. சுற்றுலாப் பயணிகள் சான்றிதழ் வாங்கவே இதில் ஏறுகிறார்கள் என்பதால் இதை ஒரு வேடிக்கையாகக் கருதுவோர் உண்டு. ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் மாணவர்களும் இதே விமானத்தில் போகிறார்கள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அந்த இரண்டு நிமிடம் தனிப்பயணமும் அல்ல. கிர்க்வாலிலிருந்து கிளம்பி இரு தீவையும் தொட்டுத் திரும்பும் சுற்றின் ஒரு துண்டு. இந்தச் சேவைகளுக்கு இப்போது பணம் கட்டி ஒப்பந்தம் போடுவது ஆர்க்னித் தீவுகள் கவுன்சில். பயணச்சீட்டு விற்று வரும் பணத்தில் மட்டும் இந்தச் சுற்று ஓடாது. ஓடும் என்று யாரும் சொன்னதும் இல்லை.

ஆம்புலன்ஸ் சேவையின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அரசு நிறுவனம் ஹெரான் வகை விமானங்களைக் கொண்டு தீவுகளுக்கு ஆம்புலன்ஸ் பணியைச் செய்துவந்தது. லோகனேர் 1967 முதல் ஆர்க்னியில் அந்தப் பணியில் இறங்கி, 1973இல் ஹெரான்கள் ஓய்வு பெற்றதும் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. இரவிலும் பனியிலும் கார் விளக்கு வெளிச்சத்திலும் இறங்கிய கதைகள் அந்தத் தீவுகளில் ஏராளம். தீவுக்காரர்களுக்கு லோகனேர் மீது இருந்த பற்றின் பெரும்பகுதி பயணிகள் சேவையால் வந்ததல்ல, இதனால் வந்தது. அவ்வளவு பற்று இருந்தும் 2006இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது ஆம்புலன்ஸ் பணி வேறொரு நிறுவனத்துக்குப் போனது. அதே ஆண்டு ஷெட்லாந்தின் தீவுகளுக்கிடையிலான சேவையும் கைமாறியது. அங்கும் பறப்பது ஐலேண்டர்தான். விமானங்கள் அந்த ஊர் கவுன்சிலுக்குச் சொந்தம். நடத்துகிறவர் மட்டும் மாறினார். சேவை நிற்கவில்லை. நிறுவனத்தின் பெயரும் ஊர் மக்களின் நன்றியும் ஒரு வழித்தடத்தைக் காப்பாற்றுவதில்லை, ஒப்பந்தம்தான் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பாக எண்ணெய்க் காலத்தைச் சொல்லலாம். 1970களில் வடகடலில் எண்ணெய் கிடைத்து, ஷெட்லாந்தில் சல்லம் வோ முனையம் எழுந்தபோது, ஆட்களையும் பொருட்களையும் கொண்டுபோகும் வேலை நிறைய வந்தது. ட்வின் ஆட்டர்களும் ஷார்ட்ஸ் 330, 360 விமானங்களும் சேர்ந்தன. அரசு நிறுவனம் நட்டம் என்று விட்டுவிட்ட வழித்தடங்களைச் சிறிய விமானத்தால் ஓட்டிக் காட்ட முடிந்தது. ஆகவே மானியமில்லாமலும் சம்பாதித்த காலம் உண்டு என்பது நியாயமான வாதம். ஆனால் அந்த வருமானம் தந்த துணிச்சல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1983 இறுதியில் வங்கி லோகனேரை பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானக் குழுமத்துக்கு விற்றது. புதிய உரிமையாளரின் கீழ் நிறுவனம் தெற்கே திரும்பியது. மான்செஸ்டரிலிருந்து ஸ்காட்லாந்துக்கு வெளியே பல ஊர்களுக்குச் சேவைகள் வந்தன, அறுபதுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட ஏடிபி வந்தது, ஜெட்டும் வந்தது. அங்கே போட்டியிட்டவை பெரிய நிறுவனங்கள். கடலும் மோசமான வானிலையும் மாற்றுவழி இல்லாத பயணிகளும் தந்த பாதுகாப்பு அங்கே இல்லை. 1994இல் குழுமம் கணக்கைப் பிரித்தபோது ஸ்காட்லாந்துக்கு வெளியே இருந்த வழித்தடங்களும் பெரிய விமானங்களும் சகோதர நிறுவனமான மேங்க்ஸ் ஏர்லைன்சுக்குப் போயின. 1996இல் லோகனேரும் மேங்க்சும் பிரிட்டிஷ் ரீஜனல் ஏர்லைன்ஸ் என்ற பெயரில் ஒன்றாக்கப்பட்டன. மறு ஆண்டு, நீண்டகாலம் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்காட் கிரியர் தலைமையில் நிர்வாகிகள் ஸ்காட்லாந்துக்குள்ளான தீவுச் சேவைகளை மட்டும் விலைகொடுத்து வாங்கிப் பிரிந்தார்கள். கையில் மிஞ்சியது சில ஐலேண்டர்களும் ட்வின் ஆட்டரும்தான். முப்பது ஆண்டு வளர்ச்சியின் முடிவில் நிறுவனம் 1967இல் இருந்த அளவுக்கே வந்து நின்றது. அதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களும் உண்டு. லோகனேர் தன் உண்மையான அளவைத் திரும்பப் பெற்ற ஆண்டு என்றே 1997ஐக் கொள்ள வேண்டும். அதன்பின் சாப் 340 விமானங்களோடு அது மெல்ல வளர்ந்தது தீவு வழித்தடங்களின் மேல் நின்றுதான்.

அப்போதும் அது தன் பெயரில் பறக்கவில்லை. 1994 முதல் பிரிட்டிஷ் ஏர்வேசின் உரிமப் பங்காளியாக அந்த நிறுவனத்தின் வண்ணத்தையும் விமான எண்ணையும் சுமந்து பறந்தது. 2008 அக்டோபரில் அந்த ஏற்பாடு முடிந்ததும் ஃப்ளைபி என்ற ஆங்கில வட்டார நிறுவனத்தின் வண்ணத்துக்கு மாறியது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் விமானமும் விமானியும் எரிபொருளும் நட்டமும் சிறு நிறுவனத்துடையவை. பெயரும் பயணச்சீட்டு விற்பனை வலையும் பெரிய நிறுவனத்துடையவை. அதற்குச் சிறியவர் கட்டணம் கட்ட வேண்டும். ஹெப்ரிடீசின் ஸ்டார்னோவேயில் ஏறும் பயணி கிளாஸ்கோ வழியாக லண்டனுக்கோ அதற்கப்பாலோ ஒரே சீட்டில் போக இது உதவியது. ஆனால் பெரிய நிறுவனத்தின் தயவால்தான் லோகனேர் வாழ்ந்தது என்று சொல்ல முடியாது. வாடகைக்கு எடுத்த பெயர் அது. வாடகை கட்டியவர் லோகனேர். 2017 செப்டம்பர் 1 அன்று லோகனேர் அந்தப் பெயரை உதறிவிட்டு, வாலில் ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட டார்ட்டன் துணி வடிவத்தைத் தீட்டிக்கொண்டு சொந்தப் பெயரில் பறக்கத் தொடங்கியது. விலகிய ஃப்ளைபி, ஈஸ்டர்ன் ஏர்வேசுடன் சேர்ந்து அதே தீவு வழித்தடங்கள் சிலவற்றில் போட்டிக்கு விமானம் விட்டது. கட்டணம் விழுந்தது, இரு தரப்பிலும் இருக்கைகள் காலியாகப் பறந்தன, சில மாதங்களில் போட்டியாளர்கள் பின்வாங்கத் தொடங்கினார்கள். ஒரு விமானம் நிரம்பும் அளவு ஆட்கள் உள்ள தீவில் இரண்டு விமானங்கள் நிரம்ப மாட்டா. 2019 பிப்ரவரியில் லோகனேரின் சகோதர நிறுவனமான ஃப்ளைபிஎம்ஐ திவாலானது. 2020 மார்ச் 5 அன்று ஃப்ளைபியும் மூடியது. இரண்டு முறையும் கைவிடப்பட்ட வழித்தடங்களில் சிலவற்றை லோகனேர் எடுத்துக்கொண்டது. ஒரே உரிமையாளர்களின் கீழ் இருந்த ஃப்ளைபிஎம்ஐ ஐரோப்பிய நகரங்களுக்கிடையே ஜெட் விட்டு விழுந்தது. லோகனேர் தீவுகளில் ஊன்றி நின்று பிழைத்தது. முதலாளியும் மூலதனமும் ஒன்றாக இருந்தும் முடிவு வேறானதால், முதலாளியின் திறமையை இங்கே காரணமாகக் காட்ட வழியில்லை.

பாரா தீவைப் பார்த்தால் பொதுப்பணத்தின் பங்கு மறைக்க முடியாதபடி தெரிகிறது. வெளி ஹெப்ரிடீசின் தென்கோடியில் உள்ள அந்தத் தீவின் விமான நிலையம் ஒரு கடற்கரை. கிளிஞ்சல் கலந்த இறுகிய மணலில் மரக்கம்பங்கள் நட்டுக் குறித்த மூன்று ஓடுதளங்கள்; உயர்நீரில் மூன்றும் கடலுக்கடியில் போய்விடும். விமான அட்டவணை அலை ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பவே எழுதப்படுகிறது. 1930களிலிருந்து விமானங்கள் அங்கே இறங்கிவருகின்றன. ஒழுங்கான பயணிகள் விமானம் கடற்கரை மணலில் இறங்கும் இடம் உலகில் இதுபோல் வேறொன்றைக் காண்பது அரிது. உப்புநீர் தெறிக்கும் இந்த மணலைத் தாங்கக்கூடியது ட்வின் ஆட்டர். பழைய ட்வின் ஆட்டர்களுக்கு வயதானபோது, 2015இல் இரண்டு புதிய விமானங்கள் ஸ்காட்லாந்து அரசின் பணத்தில் வாங்கப்பட்டு, அரசுக்குச் சொந்தமான தீவு விமான நிலைய நிறுவனத்தின் பெயரில் வைக்கப்பட்டன. லோகனேர் அவற்றை ஓட்டுகிறது. பாரா, டைரீ, காம்பெல்டவுன் ஆகிய ஊர்களுக்கு கிளாஸ்கோவிலிருந்து போகும் சேவைகள் பொதுச்சேவைக் கடமை என்ற சட்ட ஏற்பாட்டின் கீழ் ஏலம் விடப்படுபவை. எத்தனை முறை பறக்க வேண்டும், உச்சக் கட்டணம் என்ன என்பதை அரசு வகுக்கிறது, எவ்வளவு மானியம் போதும் என்று நிறுவனம் கேட்கிறது. விமானம் அரசுடையது, மணல் அரசுடையது, அட்டவணை அரசும் கடலும் சேர்ந்து வகுப்பது. தனியாருடையது விமானியின் கையும் பழுதுபார்ப்பவரின் அனுபவமும்தான். அந்த இரண்டும் எளிதில் கிடைக்காதவை என்பதால் பணம் கொடுத்து அமர்த்துவதில் தவறில்லை. அதைத் தொழில்முனைவின் வெற்றி என்று மட்டும் அழைப்பதுதான் பொருந்தவில்லை.

இங்கே இரண்டு கேள்விகள் எழும். பணமெல்லாம் பொதுப்பணம் என்றால் அரசே நடத்திவிடலாமே என்பது முதல் கேள்வி. 1947க்குப் பின் இருபது ஆண்டுக் காலம் அரசு நிறுவனம் நடத்திய விதமே அதற்குப் பதில். ஐரோப்பியத் தலைநகரங்களுக்குப் பறக்கும் ஒரு பெரிய அமைப்பின் விளிம்பில் தீவுச் சேவை தொங்கிக்கொண்டிருந்தது. தீவுக்கு ஏற்ற சின்ன விமானம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை. அரசுடைமை என்பதால் அது தவறவில்லை, அளவு பொருந்தாததால் தவறியது. தீவுகளுக்கென்றே தனியாக ஒரு சிறு அரசு நிறுவனம் இருந்திருந்தால் வேறுவிதமாக நடந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒன்று அமைக்கப்படவில்லை. இரண்டாவது கேள்வி கடுமையானது: போட்டியே இல்லாத இடத்தில் தனியார் நிறுவனம் தீவுக்காரர்களைச் சுரண்டாதா? மானிய ஒப்பந்தம் இல்லாத ஷெட்லாந்து, ஆர்க்னி, ஸ்டார்னோவே முதன்மை வழித்தடங்களில் கட்டணம் அதிகம், விமானங்கள் தாமதம், பழுது என்ற புகார்கள் 2015 வாக்கில் உரக்க எழுந்தன. அந்தக் குறைகளை நியாயமற்றவை என்று தள்ள முடியாது. அரசு வேறு வழியில் தலையிட்டது. 2006இல் தொடங்கிய விமானக் கட்டணச் சலுகைத் திட்டப்படி தீவுகளில் குடியிருப்போருக்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி கிடைத்தது. 2016இல் அது 50 சதவீதமானது. தள்ளுபடித் தொகையை நிறுவனத்துக்கு ஈடுகட்டுவது அரசே. ஆக, மானியம் இல்லை என்று சொல்லப்படும் வழித்தடத்திலும் பயணியின் பை வழியாகப் பொதுப்பணம் வந்துசேர்கிறது. பாரா முறையில் நிறுவனம் விலையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். சலுகை முறையில் நிறுவனம் கேட்கும் விலையில் பாதியை அரசு கட்டுகிறது. இரண்டில் முதலாவதே நேர்மையான ஏற்பாடு.

சிறு நிறுவனம் என்பதால் பாதுகாப்பில் சலுகை கிடைப்பதில்லை, வடக்கு வானமும் சலுகை காட்டுவதில்லை. 2001 பிப்ரவரி 27 அன்று எடின்பரோவிலிருந்து தபால் ஏற்றிக் கிளம்பிய ஷார்ட்ஸ் 360 விமானம், நிறுத்தியிருந்தபோது எஞ்சின் வாய்க்குள் சேர்ந்த பனியால் இரண்டு எஞ்சினும் நின்று கடற்கழியில் விழுந்தது. இரு விமானிகளும் இறந்தார்கள். 2005 மார்ச் 15 அன்று ஒரு நோயாளியை அழைத்துவரச் சென்ற ஐலேண்டர், காம்பெல்டவுன் அருகே கடலில் விழுந்ததில் விமானியும் மருத்துவ உதவியாளரும் மாண்டார்கள். 2014 டிசம்பர் 15 அன்று ஷெட்லாந்தின் சம்பரோவை நெருங்கிய சாப் 2000 விமானத்தை மின்னல் தாக்கியது. விமானிகள் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுத்தபோது, அணைக்கப்படாமல் இருந்த தானியங்கி இயக்கம் எதிர்த்திசையில் செயல்பட்டு விமானத்தைக் கீழே கொண்டுபோயிற்று. கடலுக்கு 1,100 அடி மேலே மீட்டெடுத்து அபர்தீனில் இறக்கினார்கள், யாருக்கும் காயமில்லை. முதல் இரண்டு விபத்துகளும் நடந்தது தபாலிலும் ஆம்புலன்சிலும், அதாவது பெரிய நிறுவனங்கள் தொடாத வேலைகளில்.

கொரோனாக் காலத்தில் பயணிகள் விமானங்கள் உலகெங்கும் நின்றபோது லோகனேர் தன் ட்வின் ஆட்டர்களில் நோயாளிகளைத் தனிமைப்படுத்திக் கொண்டுசெல்லும் கூண்டுகளைப் பொருத்திக் கொடுத்தது. 2006இல் இழந்த வேலையின் ஒரு பகுதி நெருக்கடியால் திரும்பி வந்தது. சாப் 340 விமானங்களின் இடத்தை ஏடிஆர் விமானங்கள் பிடித்தன. ஃப்ளைபிஎம்ஐயிடமிருந்து வந்த ஜெட்களையும் கழித்துவிட நிறுவனம் முடிவு செய்தது. 2022 அக்டோபரில் உரிமையாளர்களான ஸ்டீஃபன் பாண்ட், பீட்டர் பாண்ட் சகோதரர்கள் லோகனேரை விற்க விரும்புவதாக அறிவித்தார்கள். விலைக்கு வந்தது நிறுவனத்தின் பெயரும் ஊழியர்களின் தேர்ச்சியும் நிலப்பகுதி வழித்தடங்களும். பாரா மணலில் இறங்கும் இரண்டு ட்வின் ஆட்டர்களும் அந்த விற்பனைப் பட்டியலில் வர வழியில்லை. அவை ஸ்காட்லாந்து மக்களின் சொத்து.